யார் சொல்லி வந்தீர்கள்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். போனில் கொஞ்ச நேரத்தில் நீ வக்கீலாகிவிடுவாய், நான் டீச்சராகிவிடுவேன். சொல்ல வந்த விஷயம் நடுத்தெருவில் நிற்கும். இப்போது நானும் வக்கீல். போன வாரம் பதிவு முடிந்தது. பகலில் கணக்குப் பாடம் நடத்தி, மாலையில் என் மகளுக்கு அக்கா வயதிருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, ஒருவழியாகக் கறுப்புக் கோட்டு வாங்கியாயிற்று. தோள் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. "போட்டுக்க, வளர்ந்துடுவே" என்கிறார் உன் அத்தான்.

வேலைதான் கிடைக்கவில்லை. பார்க்கிற ஆபீசுக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறேன். கிணற்றில் கல் போட்டால்கூட சத்தம் வரும். இதில் அதுவும் இல்லை. என்கூடப் படித்த பெண் ஒருத்தி சொன்னாள்: "அக்கா, நேரா அனுப்பினா அது நேரா குப்பைக்கூடைக்குத்தான் போகும். உள்ள ஒரு ஆள் வேணும். உங்களுக்குத்தான் தம்பி இருக்காரே."

உங்கள் ஆபீசில் சொத்து வழக்குப் பிரிவுக்கு ஜூனியர் தேவை என்று அறிவிப்புப் பார்த்தேன். பெரியவரிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேன். வேலை கொடுக்கச் சொல்லவில்லை. கூப்பிட்டுப் பேசிப் பார்க்கச் சொல், போதும். மார்ச்சோடு பள்ளிக்கூடத்தை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தானுக்கும் இடுப்பு சரியில்லை, இனிமேல் பஸ் ஓட்ட முடியாது என்று டிப்போவில் மேசை வேலை கொடுத்திருக்கிறார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 27

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ வக்கீலான செய்தி படித்து ஆபீசிலேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். சின்ன வயதில் என்னைக் குறுக்கு விசாரணை செய்தே படித்திருக்கிறாய், பட்டம் இப்போதுதான் கொடுத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை ஒரே பக்கமாக்கு. பள்ளிக்கூட வருஷங்களை மறைக்காதே, அதை முதலில் போடு. ஆபீசின் பெயருக்கு எழுதாமல் அந்தப் பிரிவின் தலைவர் யார் என்று கண்டுபிடித்து அவருக்கே எழுது. அவர் நடத்திய ஒரு வழக்கைப் படித்துவிட்டு அதைப் பற்றி இரண்டு வரி சேர். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே குளிர் குறையவில்லை. என் ஜன்னலுக்கு எதிரே புதுக் கட்டிடம் எழும்புகிறது, நாள் முழுக்க இரும்பு அடிக்கிற சத்தம். மருமகள் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கட்டும். அத்தானை நல்ல மெத்தையில் படுக்கச் சொல்.

மற்றவை பிறகு.

உன் தம்பி


பிப்ரவரி 5

தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே நலமா?

இவ்வளவு எழுதியிருக்கிறாய். மெத்தை வரை வந்துவிட்டாய். நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. இரண்டு முறை படித்தேன், எங்காவது ஓரத்தில் கிடக்கிறதா என்று.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. எனக்குக் கோபம் வராது. வரும். ஆனால் பதில் வராததைவிட அது மேல்.

அக்கா


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் வேண்டுகிறேன்.

எங்கள் ஆபீசுக்கு விண்ணப்பம் போடாதே. வேறு எங்கே வேண்டுமானாலும் போடு. எங்கே போனாலும் என் பெயரைச் சொல்லாதே. காரணம் கேட்காதே. நீ கேட்காத ஆள் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அம்மா கேட்டபோது, "வேலை ஜாஸ்தியாம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனாள்.

நான் யோசித்ததைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவுள்ள ஆபீஸ் அது. அங்கே எல்லோரும் இருபத்தைந்து வயதில் நுழைகிறார்கள். நரை எட்டிப் பார்க்கிற ஒரு டீச்சர் வந்து, "இவர் என் தம்பி" என்று நின்றால் உனக்குக் கூச்சம். அவ்வளவுதானே? சொல்லியிருக்கலாம்.

உன் சிபாரிசு வேண்டாம். போன வாரமே நேராக விண்ணப்பம் போட்டுவிட்டேன், நீ சொல்லிக் கொடுத்தபடியே: ஒரு பக்கம், பிரிவின் தலைவருக்கு, அவர் நடத்திய வழக்கைப் பற்றி இரண்டு வரி. என் இனிஷியல் இப்போது உன் அத்தானுடையது. எனக்கும் உனக்கும் என்ன உறவு என்று அங்கே ஒரு ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது.

நேர்முகத்துக்கு வரச் சொல்லி இன்று கடிதம் வந்தது. மார்ச் 22.

அக்கா


மார்ச் 25

தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நடந்தது எனக்குப் புரியவில்லை.

உன் ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பினேன். அது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, இருக்கட்டும்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் பெரியவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. மற்ற இருவரும் அவர் தண்ணீர் குடித்த பிறகுதான் குடித்தார்கள். இடது பக்கம் குட்டை முடி வைத்த ஒரு அம்மா. அவர்தான் கேள்வி கேட்டார். வீட்டுச் சொந்தக்காரர் இறந்துவிட்டார், வாரிசுகளில் ஒருத்தி வெளிநாட்டில், வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய மறுக்கிறார், என்ன செய்வீர்கள்? ஒரு தாள் வாங்கிப் படம் போட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு, யார் கையெழுத்து இல்லாமல் எது நடக்காது என்று கரும்பலகையில் சொல்வதுபோலச் சொன்னேன். அந்த அம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெரியவர் என் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லலை சார். அறிவிப்பு பாத்தேன், நேரா விண்ணப்பிச்சேன்."

சிரித்தார். "அப்பா பேரு இதுல இருக்கேம்மா. நம்ம ஆபீஸ்லயும் ஒருத்தருக்கு இதே அப்பா பேரு, இதே ஊரு. தம்பி நல்லா இருக்காரா?"

குட்டை முடி அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டார். நான், "நல்லா இருக்கான் சார்" என்றேன். அங்கேயே, "உங்களை எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். மற்ற இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்து, மனசு கேட்காமல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் உன் அறை எங்கே என்று கேட்டேன். "சார் லீவுல இருக்காங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது" என்றாள். எப்போதிலிருந்து என்றதற்கு, டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அது அடிக்கவேயில்லை.

என்ன நடக்கிறது? உடம்புக்கு ஏதாவதா? இந்த முறை மெத்தை பற்றி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு கட்டிடக் கம்பெனி கட்சிக்காரர். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த ஒரு அம்மாளின் வீட்டை அவர்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வழக்குப் போட்டிருக்கிறாள்: என் அம்மாவுக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது என்று. அதற்குப் பதிலாகப் பெரியவர் கோர்ட்டில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? அந்த அம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து பத்திரத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி விளக்கியது நான் என்று. நான் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. என் பெயரைச் சேர்த்துவிட்டு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஜூன் 11-ல் நான் சாட்சி சொல்ல வேண்டும். "வாசித்துக் காட்டினேன்" என்றால் அடுத்த வருஷம் நான் பார்ட்னர். "இல்லை" என்றால் இந்த ஊரில் எந்த ஆபீஸ் படியும் ஏற முடியாது. யோசித்துப் பார்க்க லீவு கொடுத்திருக்கிறார். அப்படித்தான் சொன்னார்: "ரெஸ்ட் எடுப்பா, யோசி."

இதில் உன்னை எப்படிச் சிபாரிசு செய்வது? நான் வாயைத் திறந்து ஒரு உதவி கேட்டால் அங்கேயே நான் விலை போனதாக ஆகிவிடாதா? உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சம் என்று எழுதியிருந்தாய். அந்தக் கூச்சம் உன்மேல் இல்லை, என்மேல்.

நேர்முகம் முடிந்த மறுநாள் பெரியவர் போன் செய்தார். "உங்க அக்கா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. இனிமே நாம ஒரே குடும்பம். ஜூன்ல அதை ஞாபகம் வெச்சுக்க." அவ்வளவுதான்.

நீ நன்றாகப் பதில் சொன்னதால் எடுத்தார்களா, என் கழுத்தில் கயிறு போட எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கேட்டால் நிஜம் வராது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே பொய். உனக்கு வேலை என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இவ்வளவு நாளும் பொய் சொல்ல எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது: அக்காவுக்காக. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சேர் என்றோ சேராதே என்றோ நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம், வெயில்தான் அதிகம். உன் மருமகள் பரீட்சை முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு விடைகொடுத்து ஒரு சுவர்க் கடிகாரம் தந்தார்கள். அத்தான் அதை ஆணி அடித்து மாட்டினார், கோணலாக. நேராக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. கீழ் அறைக்குக் கட்டிலை இறக்கிவிட்டோம்.

வேலையில் சேரச் சொன்ன தேதி மே 19.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 23

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே?

பத்தொன்பதாம் தேதி போய் நாலு நாள் ஆகிறது. சேர்ந்தாயா? போன் செய்தால் மருமகள் எடுக்கிறாள். "அம்மா வெளியே போயிருக்காங்க மாமா" என்கிறாள். எங்கே என்றால், "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, வக்கீல் வீட்டில் எப்படிப் பிழைக்கப் போகிறதோ.

ஆபீசில் எனக்கு வேண்டிய ஒருவனிடம் கேட்டேன். அவன் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறான்.

நீ சேர்ந்திருந்தால் நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். சேராவிட்டாலும் எனக்கு வருத்தம்தான் இருக்கும். எது என்று தெரிந்தால் போதும். தெரியாமல் தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை எழுது.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் தூக்கம் போனதற்கு நான்தான் காரணம் என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்.

அந்த ஒரு வார்த்தையை எழுத மாட்டேன். நான் சேர்ந்துவிட்டேன் என்றால் எனக்காகப் பொய் சொல்லுவாய். சேரவில்லை என்றால் எனக்காக உண்மை சொல்லுவாய். இரண்டுமே எனக்கு வேண்டாம். கூண்டில் ஏறும்போது உன்கூட யாரும் ஏறக் கூடாது. நானும்தான்.

எனக்கு நீ சேர் என்றும் சொல்லவில்லை, சேராதே என்றும் சொல்லவில்லை. முதலில் படித்தபோது நழுவுகிறாய் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது எனக்கு நீ கொடுத்த மரியாதை. அதையே உனக்கும் கொடுக்கிறேன்.

என் முடிவு என்னுடையது. உன்னுடையது உன்னுடையது. பதினொன்றாம் தேதிக்கு அப்புறம் எல்லாம் எழுதுகிறேன். என்ன சொன்னாலும் நீ என் தம்பிதான், அதில் அப்பீலுக்கு இடமில்லை.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போ.

அக்கா


ஜூன் 13

அக்கா,

பிழைத்துக் கிடக்கிறேன்.

காலையில் கோர்ட்டு நடையில் பெரியவர் என் தோளில் கை போட்டார். "சாப்டியா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை, "ஆச்சு சார்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கூண்டில் ஏறும்வரை என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னை முறைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. சலித்துப்போன முகம்; இவனும் அவர்கள் ஆள்தானே என்பதுபோல. பத்திரத்தை என் கையில் கொடுத்து, இதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டினீர்களா என்று மகளின் வக்கீல் கேட்டார். உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ அங்கே வேலை செய்கிறாயா இல்லையா என்று தெரியாததால், நினைத்தும் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. "இல்லை. நான் அவங்களைப் பாத்ததே இல்லை."

பிறகு எங்கள் ஆபீஸ் கம்பெனிக்காக நிறுத்தியிருந்த வக்கீல் எழுந்தார். தோலை உரிக்கிற ஆள்.

"உங்க அக்கா இந்த ஆபீசுக்கு வேலை கேட்டு விண்ணப்பிச்சாங்க. சரிதானே?"

"சரி."

"நீங்கதான் சிபாரிசு பண்ணீங்க."

"இல்லை."

"ஒரு வார்த்தைகூட?"

"ஒரு வார்த்தைகூட இல்லை. சொல்லச் சொல்லிக் கேட்டா, நான் சொல்லலை. ஜனவரியிலேருந்து அதுக்காகத்தான் என்கூடச் சண்டை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அந்த வேலை அவங்களுக்கு அமையலை. அந்த ஆத்திரத்துலதானே இப்ப மாத்திப் பேசறீங்க?"

"அமையலையா?" என்று நானே அவரைக் கேட்டேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "உங்க சொந்த அக்கா எங்க வேலை பாக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க ஐயா. எழுதிக் கேட்டேன். சொல்ல மாட்டேன்னு பதில் போட்டுட்டா."

"ஏன்?"

"நான் இங்க வந்து நிக்கறப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னு."

அவர் அந்த வக்கீலைப் பார்த்து, "வேற கேள்வி இருக்கா?" என்றார். இருக்கவில்லை.

அப்படித்தான் நீ சேரவில்லை என்று எனக்குத் தெரிய வந்தது, அந்தக் கம்பெனி வக்கீல் வாயால். படியிறங்கும்போது பெரியவர் என்னைத் தாண்டிப் போனார், ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் என் ஊடாகப் பார்த்துக்கொண்டு. சாயங்காலமே என் சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்கள். வீட்டையும் காலி செய்ய வேண்டும், அது ஆபீஸ் வீடு. எதிர்க் கட்டிடத்தில் இன்னும் இரும்பு அடிக்கிறார்கள்.

இப்போதாவது சொல்.

உன் தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று. "கீழ் ரூம்ல இன்னொரு கட்டில் போடலாமா, பாரு" என்றாள். போட்டாயிற்று.

நான் போகவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதே. போனேன். மே பத்தொன்பது காலையில் பெரிய தோள் கோட்டைப் போட்டுக்கொண்டு, உன் கடிதத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டே போனேன். ஆசை அப்படி. ஏழு வருஷம் படித்திருக்கிறேன், தம்பி. படம் போட்ட புத்தம்புது அடையாள அட்டையைக் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நன்றாக இருந்தது. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

பெரியவர் அறைக்குக் கூப்பிட்டார். கேட்டுவிட்டேன்: "சார், நான் சொன்ன பதிலுக்காக வேலை குடுத்தீங்களா, தம்பிக்காகக் குடுத்தீங்களா?"

"ஒரே குடும்பத்துக்குள்ள அதுல என்னம்மா வித்தியாசம்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். குட்டை முடி அம்மா லிஃப்ட் வரை கூடவே வந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். பொத்தானை மட்டும் அழுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். நான் நல்ல பதில்தான் சொன்னேனா என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

மறுநாளிலிருந்து இந்த ஊரில் பெயர்ப்பலகை கண்ட படியெல்லாம் ஏறினேன். உன் மருமகள் உன்னிடம் மறைத்தது அதைத்தான். தையல் கடை மாடியில் ஒரு மேடம் தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறார். எல்லாம் ஏழைபாழைகள் வழக்கு. அவரும் அதே கேள்விதான் கேட்டார், யார் சொல்லி வந்தீங்க என்று. "யாரும் சொல்லலை மேடம், கீழ போர்டு பாத்தேன்" என்றேன். "அப்ப உக்காருங்க" என்றார். உட்கார நாற்காலி இல்லை, கட்டு கட்டாகப் பேப்பர். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கே ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதியதில் பாதியை அடித்தார், மீதியை வைத்துக்கொண்டார். சம்பளம் பள்ளிக்கூடத்தைவிடக் குறைவு. உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

நேற்று தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே மேடம் வாரப் பத்திரிகையைச் சத்தமாக வாசித்தார். பெரிய ஆபீஸ் ஒன்றில் இருந்த இளம் வக்கீல், தன் சீனியருக்கு எதிராகவே சாட்சி சொன்னதாகச் செய்தி. உன் பெயர் போட்டிருந்தது. "யாரு பெத்த பிள்ளையோ, வேலையும் போயிருக்கும் பாவம்" என்றார். நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே போனாலும் பெயரைச் சொல்லாதே என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. மதியம்வரை இருந்தது. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன், அப்போதும் இருந்தது.

அப்புறம் திரும்பி வந்து, "மேடம், அது என் தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா